அடுக்களைக்குள் போன ஏடு

தன் கதையைத் தானே எழுதியவர்கள் – 6

போன வாரம், 12 வயது ராஸசுந்தரியைப் புகுந்த வீட்டுக்குப் படகேற்றி அனுப்பிய இடத்தில் நிறுத்தினோம். புதிதாகச் சேர்ந்த வாசகர்களுக்காக முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

இன்று வங்கதேசத்தில் இருக்கும் பாப்னா பகுதியில் போதாஜியா என்றொரு கிராமம். 1809 வாக்கில் அங்கே பிறந்தவர் ராஸசுந்தரி. நினைவு தெரிவதற்குள் தந்தை போய்ச் சேர்ந்துவிட்டார். பயந்த சுபாவம். பயம் வரும்போதெல்லாம் குலதெய்வமான தயாமாதவனைக் கூப்பிடு என்று அம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்.

வீட்டின் வெளிக்கட்டில் ஒரு பள்ளிக்கூடம் நடந்தது. சிறுமியை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அவளுக்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. எழுந்து போ என்றும் சொல்லவில்லை. பையன்கள் உரக்க ஒப்பித்ததெல்லாம் காதில் விழுந்தது, எழுத்துகளின் உருவம் கண்ணில் பட்டது. பத்து வயதில் வீடு தீப்பற்றி எரிந்தது. அத்தோடு பள்ளிக்கூடமும் நின்றது.

பிறகு கல்யாணம். பரீத்பூர் பக்கம் ராம்தியா கிராமத்தில் வசதியான குடும்பம். இந்த வாரக் கதை அந்த வீட்டின் அடுக்களையில் நடக்கிறது.

இரண்டு வேளை, இருபத்தைந்து பேர்

மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் நமக்குக் கதை சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. வந்த சிறுமியை மடியில் வைத்துக் கொஞ்சாத குறையாகப் பார்த்துக்கொண்டார். வேலை எதுவும் வாங்கவில்லை. ராஸசுந்தரியே பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதிய புத்தகத்தில் அதை நன்றியோடு சொல்கிறார்.

அந்த மாமியார் நோயில் விழுந்தார். கண்பார்வையும் போயிற்று. அன்றிலிருந்து வீட்டுப் பொறுப்பு முழுவதும் மருமகள் தலையில். சுமார் 25 பேருக்கு இரண்டு வேளைச் சமையல். நாளொன்றுக்கு 10, 12 சேர் அரிசி வேகும். வேலைக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் எல்லோரும் வெளிக்கட்டு வேலைக்கு. அடுப்படியில் அவர் ஒருவர்தான். குலதெய்வத்துக்கு நைவேத்தியமும் அவர் கையால்தான் ஆக வேண்டும்.

18 வயதில் முதல் குழந்தை. 41 வயதில் கடைசிக் குழந்தை. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் மொத்தம் 12 பிரசவங்கள். அந்த ஆண்டுகளை எப்படிக் கடந்தேன் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும் என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அவர் உயிரோடு இருக்கும்போதே இறந்தார்கள்.

அந்தக் கால மருமகளுக்கான ஒழுங்குகள் வேறு. முரட்டுத் துணியை மார்பு வரை முக்காடாக இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். எவரோடும் பேசக் கூடாது. அந்த முக்காட்டுக்குள்ளிருந்து தன் பாதத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது என்கிறார் அவர். கண்ணைக் கட்டிச் செக்கில் சுற்றவிட்ட மாடு என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார். நல்ல மருமகள் என்ற பட்டம் வாங்க வேண்டுமென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊர் சொன்னது, அவரும் இருந்தார்.

எந்த அளவுக்கு இருந்தார் என்பதற்கு ஒரு குதிரை சாட்சி.

ஜெயஹரி

கணவருடைய சவாரிக் குதிரையின் பெயர் ஜெயஹரி. ஒருநாள் மூத்த பிள்ளையை அதன் மேல் உட்காரவைத்து உள்கட்டு வாசலுக்கு ஓட்டிவந்தார்கள். 'வந்து பாருங்கள், பிள்ளை குதிரையில் உட்கார்ந்திருக்கிற அழகை' என்று கூப்பிட்டார்கள்.

ராஸசுந்தரிக்கு ஒரே குழப்பம். பிள்ளையைப் பார்க்க ஆசை. ஆனால் அது கணவருடைய குதிரை. அதன் முன்னால் எப்படி முகம் காட்டுவது?

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. அவருக்கும் பின்னாளில் வந்தது. இன்னொரு நாள் முற்றத்தில் குவித்திருந்த நெல்லை அந்தக் குதிரை வந்து மேய ஆரம்பித்தது. விரட்ட வேண்டியவர் உள்ளே ஓடி ஒளிந்துகொண்டார். பயப்படாதே அம்மா, அது நம் ஜெயஹரிதானே என்று பிள்ளை சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு மிருகத்துக்கு முன்னால் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கிறோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

இந்தச் சம்பவத்தை மறைத்திருக்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுதினார். கணவர் நல்லவர், பெருந்தன்மையானவர் என்று அவர் புத்தகத்தில் பாராட்டுகிறார். ஆனால் அந்தக் கணவரிடம் அவருக்கு இருந்த பயம் எப்படிப்பட்டது என்பதைப் பாராட்டுரை சொல்லவில்லை, குதிரைதான் சொல்கிறது.

சாப்பிடாத இரண்டு நாள்

அடுத்த சம்பவத்தில் சிரிப்புக்கு இடமில்லை.

ஒரு மதியம், எல்லோருக்கும் பரிமாறி முடித்துவிட்டுத் தன் இலைக்கு உட்காரும் நேரம். ஒரு விருந்தாளி வந்துவிட்டார். அரிசி பருப்பு கொடுத்துச் சமைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் சமைக்க மறுத்துவிட்டார். இருந்த சோறு அவருக்குப் போயிற்று. சரி, ராத்திரி பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரியும் உலை வைத்து, வடித்து, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்தார்கள். தனக்கென்று சோற்றை எடுத்துவைத்தபோது கைக்குழந்தை விழித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் மழையும். விளக்கு அணைந்தது. இருட்டில் குழந்தை வீறிட்டது. அழுகைச் சத்தத்தில் கணவர் எழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் சோற்றை அப்படியே விட்டுவிட்டு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மறுநாள் மதியம் எப்படியோ இலைக்கு முன் உட்கார்ந்துவிட்டார். மடியில் குழந்தை. குழந்தை சிறுநீர் கழித்தது, அது சோற்றிலும் பட்டது. அதோடு அன்றும் போயிற்று.

25 பேருக்குப் பொங்கிப்போடுகிற ஒருத்தி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. சொல்வது வெட்கம் என்று நினைத்தார். நெடுங்காலம் கழித்து, ஊரார் எல்லோரும் படிக்கும்படி அச்சில் சொன்னார். அந்தப் பக்கங்களில் யாரையும் அவர் திட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மதியம் இது நடந்தது, ராத்திரி இது நடந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். வீட்டு வேலை என்ற பெயரில் நடப்பதை இவ்வளவு நுணுக்கமாக அதற்கு முன் வங்க மொழியில் எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கால ஊர்ப்பேச்சு

இந்தப் பெண்ணுக்குத்தான் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. அந்த ஆசை எவ்வளவு ஆபத்தானது என்று தெரிந்துகொள்ள, அவருடைய அடுக்களையை விட்டுச் சற்று வெளியே போய்வர வேண்டும்.

1835. கல்கத்தாவில் மெக்காலே தன் கல்விக் குறிப்பை எழுதிய ஆண்டு. அதே ஆண்டில் வில்லியம் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக்காரரை, வங்கத்தில் உள்ளபடி யார் யார் படிக்கிறார்கள் என்று பார்த்து வரச் சொல்லி பெண்டிங்க் பிரபு நியமித்தார். ஆடம் பாதிரியாக வந்து, பிறகு பாதிரிமாரோடு கொள்கையில் முரண்பட்டுப் பிரிந்தவர். அவருடைய இரண்டாவது அறிக்கை 1836இல் வந்தது. அது ராஜ்ஷாஹி மாவட்டத்து நாட்டோர் வட்டாரத்தைப் பற்றியது. பத்மா நதிக்கு இந்தக் கரையில் ராம்தியா, அந்தக் கரையில் நாட்டோர்.

பெண்குழந்தைகள் படிக்காததற்கு ஆடம் கேள்விப்பட்ட காரணம் இது: எழுதப் படிக்கக் கற்ற பெண் கல்யாணமான சில காலத்திலேயே விதவையாவாள் என்று பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் நம்பின. அந்த நம்பிக்கையைப் பெண்களே அதிகம் போற்றிக் காத்தார்கள், ஆண்கள் அதைக் கலைக்க முயலவில்லை என்கிறார் ஆடம்.

அதே அறிக்கையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சில ஜமீன்தார்கள் தங்கள் பெண்களுக்குச் சத்தமில்லாமல் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் ஒருவேளை விதவையாகிவிட்டால் சொத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிய வேண்டுமே! படித்தால் விதவையாவாள் என்று பயந்த அதே கூட்டம், விதவையானால் உதவும் என்று படிக்கவும் வைத்தது. சொத்து என்று வந்தால் சாஸ்திரம் கொஞ்சம் தள்ளி நிற்கும் போலிருக்கிறது.

ராம்தியாவில் சொத்து இருந்தது. ஆனால் ராஸசுந்தரிக்கு ரகசிய வாத்தியார் யாரும் வரவில்லை. கிழவிகள் கூடி உட்கார்ந்து, கலிகாலம் வந்துவிட்டது, இனிப் பெண்கள்தான் ஆம்பிளை வேலை பார்க்கப்போகிறார்கள் என்று அங்கலாய்ப்பதை அவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். தன் மனதில் ஓடுவது முகத்தில் தெரிந்துவிடுமோ என்ற நடுக்கம். ஒரு துண்டுக் காகிதம் கண்ணில் பட்டால்கூட அதைப் பார்ப்பதாகக் காட்டிக்கொள்ள மாட்டார். கல்கத்தாவில் பெத்யூன் பெண்கள் பள்ளி திறக்க இன்னும் 14 ஆண்டுகள் இருந்தன.

கனவும் குரலும்

ஒரு விடியற்காலையில் அவருக்குக் கனவு வந்தது. 'சைதன்ய பாகவதம்' கையில் இருக்கிறது. அவர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்.

விருந்தாவன் தாஸ் என்ற அடியார் 16ஆம் நூற்றாண்டில் வங்க மொழியில் பாடிய சைதன்யர் சரிதம் அது. வங்கத்து வைணவ வீடுகளில் பூஜைக்குரிய நூல். ராஸசுந்தரி அதுவரை அந்த நூலைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் படிக்கத் தெரியாது. விழித்தபோது உடம்பெல்லாம் சந்தோஷம். கூடவே திகைப்பு.

அன்றைக்கு அவர் அடுக்களையில் வேலையாக இருந்தார். வெளியே கணவரின் குரல் கேட்டது. மூத்த பிள்ளை பிபினைக் கூப்பிட்டு, 'என் சைதன்ய பாகவதத்தை இங்கே வைத்திருக்கிறேன், கேட்கும்போது எடுத்துவா' என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போகும்வரை ராஸசுந்தரி அசையவில்லை.

பிறகு போய்ப் பார்த்தார். நம் ஏட்டுச் சுவடிகளைப் போலவே அந்தக் கால வங்க நூல்களும் தைக்கப்படாதவை. தனித்தனி ஏடுகளை அடுக்கி, மேலும் கீழும் மரப்பலகை வைத்துக் கட்டியிருப்பார்கள். பலகையில் சித்திரம் தீட்டியிருக்கும். தலைப்பைப் படிக்கத் தெரியாதவர், அடுத்த முறை இதே நூலை எப்படி அடையாளம் காண்பது? பலகையில் இருந்த சித்திரத்தை மனதில் பதியவைத்துக்கொண்டார்.

நூலை உள்ளே எடுத்துவைத்த பிறகு, ஆள் இல்லாத நேரம் பார்த்து அதிலிருந்து ஒரே ஓர் ஏட்டை உருவினார்.

அந்தக் கால நூல் தைக்கப்பட்ட புத்தகமாக இருந்திருந்தால் இந்தத் திருட்டு நடந்திருக்காது. பக்கத்தைக் கிழிக்க அவருக்கு மனம் வந்திருக்காது. முழுப் புத்தகத்தையும் எடுத்தால் மாலைக்குள் மாட்டிக்கொண்டிருப்பார். உதிரி ஏடு என்பதால் தப்பித்தார்.

அந்த ஏட்டை எங்கே வைப்பது என்பது அடுத்த கவலை. தன் கண்ணுக்கு எப்போதும் தெரிய வேண்டும், பிறர் கண்ணில் படவே கூடாது. அப்படிப்பட்ட இடம் அந்தப் பெரிய வீட்டில் அவருக்கு ஒன்றுதான் இருந்தது. மற்றவர்கள் எட்டிப் பார்க்காத அடுக்களை. அதுவரை அவரை அடைத்து வைத்திருந்த அதே இடம்.

பிபினின் பனையோலை

ஏடு கிடைத்துவிட்டது. ஆனால் அதில் இருப்பது என்ன எழுத்து என்று யார் சொல்வது?

அப்போது மூத்த பிள்ளைக்கு எட்டு வயது. பாடசாலைப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் பனையோலையில்தான் எழுதிப் பழகுவார்கள். பிள்ளை எழுதிப்போட்ட ஓலை ஒன்றை ராஸசுந்தரி எடுத்து ஒளித்துக்கொண்டார்.

இப்போது அவரிடம் மூன்று இருந்தன. பிறந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒப்பித்ததன் நினைவு; பிள்ளையின் ஓலையில் இருந்த எழுத்து; சுவடியின் ஏட்டில் இருந்த எழுத்து. ஓலையில் ஓர் எழுத்தைப் பார்ப்பார். அதே எழுத்து ஏட்டில் எங்கே இருக்கிறது என்று தேடுவார். பத்து வயதுக்குள் காதில் விழுந்த ஒலியோடு பொருத்திப் பார்ப்பார். பதினைந்து வருடத்துப் பழைய நினைவு அது. எழுதிப் பார்த்து மனதில் நிறுத்தவும் வழியில்லை.

இதற்கென்று உட்கார நேரம் கிடையாது. உலை கொதிக்கும்போது ஏட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, முக்காட்டுக்குள்ளேயே ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். கையில் ஒரு நிமிடம் இருக்கும், பிறகு உள்ளே போய்விடும். ஊர் அவருக்குப் போட்ட முக்காடு, இப்போது அவர் படிப்பதை ஊரிடமிருந்து மறைத்தது.

மாதக்கணக்கில் இது நடந்தது. எழுத்துக்கூட்டி, திணறித் திணறி, கடைசியில் சைதன்ய பாகவதத்தை வாசிக்கிற நிலைக்கு வந்தார். அப்போது அவருக்கு 26 வயது இருக்கலாம். வாத்தியார் இல்லை, பலகை இல்லை, தட்டிக்கொடுக்க ஒரு ஆள் இல்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்துக்கு வந்தார். விதவைகளாகித் தாய்வீடு திரும்பிய நாத்தனார்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகுமோ என்பதுதான் ராஸசுந்தரியின் பெரிய பயம். அவர்கள் குளிக்கவும் பூஜைக்கும் போகிற நேரம் பார்த்துப் படிப்பார். கடைசியில் ஒருநாள் தெரிந்தேவிட்டது. அவர்கள் கோபப்படவில்லை. சந்தோஷப்பட்டார்கள். எங்களுக்கும் சொல்லிக்கொடு என்றார்கள்!

இத்தனை வருட பயம் யாரைப் பார்த்து என்ற கேள்வி இங்கே எழத்தான் செய்கிறது. அந்த வீட்டில் இன்னும் எத்தனை பேர் தங்கள் ஆசையை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவளுக்கே பயந்திருந்தார்கள்?

பென்சில் படாத பக்கம்

சற்று முன்னால் போய்விட்டுத் திரும்புவோம்.

ராஸசுந்தரியின் புத்தகம் 'அமார் ஜீபன்'. அதன் முதல் பகுதி வெளிவந்த ஆண்டை 1868 என்றும் 1876 என்றும் சொல்கிறார்கள். இரண்டாம் பகுதியும் சேர்ந்த முழு வடிவத்தை 1897இல் முடித்தபோது அவருக்கு 88 வயது. வங்க மொழியின் முதல் தன்வரலாறு என்று பரவலாகக் கருதப்படுவது இதுதான். ஆணோ பெண்ணோ, அவருக்கு முன் அந்த மொழியில் வேறொருவர் தன் வாழ்க்கையை முழு நூலாக எழுதியதாகச் சொல்லப்படுவதில்லை.

பிந்திய பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜ்யோதிரிந்திரநாத். நல்ல இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்து, முடிக்கும்போது புத்தகம் முழுவதும் கோடாகிவிட்டது என்கிறார். இந்தப் பெண் நாவலும் நாடகமும் படிப்பதற்காக எழுத்துக் கற்கவில்லை, பக்தி தாகத்தால் கற்றார் என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். இன்னொரு முன்னுரை எழுதிய இலக்கிய வரலாற்றாசிரியர் தினேஷ் சந்திர சென், அந்தக் கால இந்துக் குடும்பப் பெண்ணின் லட்சிய உருவத்தை இதில் கண்டு நெகிழ்ந்தார்.

இரண்டு பேரும் பெரிய மனிதர்கள், நல்லெண்ணத்தோடு எழுதினார்கள். இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். லட்சிய மருமகளாக இருந்ததற்கு என்ன விலை கொடுத்தேன் என்று அந்தப் பெண் கணக்கு எழுதிவைத்திருக்கிறார். முன்னுரை எழுதியவர்கள் லட்சியத்தை எடுத்துக்கொண்டு விலையை விட்டுவிட்டார்கள்.

சாகக் கிடந்த தாயைப் போய்ப் பார்க்க முடியாத அவருடைய ஆற்றாமை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. மகனாகப் பிறந்திருந்தால் பறந்து போயிருப்பேனே என்று குமுறுகிறார். பெண் என்பதாலேயே எழுத்து மறுக்கப்பட்டது அநியாயம் என்று நேராகச் சொல்கிறார். இதெல்லாம் பக்தியோடு சேர்ந்தேதான் வருகிறது. எல்லாம் தயாமாதவன் செயல் என்று ஒரு வரி. அடுத்த வரியில் அழுகை. அதற்கடுத்த வரியில் கோபம். ஒன்றை வைத்து மற்றதை அடித்துவிடாமல் படிக்க வரலாற்றாசிரியர்களுக்கே வெகுகாலம் ஆயிற்று. தனிகா சர்க்கார் 1999இல் வெளியிட்ட ஆய்வு நூல்தான் அந்தக் கணக்கைப் பொறுமையாக உட்கார்ந்து கூட்டிப்பார்த்தது.

மகன் கேட்ட கேள்வி

மறுபடி ராம்தியாவுக்கு வருவோம்.

ராஸசுந்தரிக்கு இப்போது படிக்கத் தெரியும். வீட்டில் இருந்த சுவடிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பிள்ளைகள் வளர்ந்து வெளியூருக்குப் போனார்கள்.

அவர்களில் ஒருவர் கிஷோரிலால். பின்னாளில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வக்கீலாகி நூல்களும் எழுதியவர். அவர் அம்மாவுக்குக் கடிதம் போடுவார். அம்மாவிடமிருந்து பதில் வராது. ஊருக்கு வந்தபோது நேரிலேயே கேட்டுவிட்டார்: நான் இத்தனை கடிதம் போடுகிறேன், ஏன் ஒன்றுக்கும் பதில் போடுவதில்லை?

அம்மாவுக்கு எழுத வராது. படிக்கத் தெரிந்தவருக்கு எழுதத் தெரியாதா என்று இன்று நமக்குத் தோன்றும். ஏட்டையும் ஓலையையும் ஒப்பிட்டு எழுத்தைக் கற்றவர் அவர். கையில் பேனா பிடித்ததே இல்லை.

மகன் விடுவதாக இல்லை. காகிதம், பேனா, மைக்கூடு எல்லாம் வாங்கிக்கொடுத்து, எனக்குப் பதில் எழுதியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

ராஸசுந்தரி சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். படிப்பதற்கு ஒரு கையும் ஒரு நிமிடமும் போதும். சமைத்துக்கொண்டே செய்யலாம். எழுதுவதற்குக் காகிதத்தை விரிக்க வேண்டும், மைக்கூட்டைப் பக்கத்தில் வைக்க வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி ஓரிடத்தில் நிலையாக உட்கார வேண்டும். இரண்டு நாள் சாப்பிடவே நேரம் கிடைக்காத ஒருத்திக்கு அப்படி உட்கார யார் இடம் கொடுப்பார்கள்?

இடம் கிடைத்தது. அது கணவரின் கண் நோயால் கிடைத்தது. எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)